ஆர்டரே கிடைக்காத ஸ்டால்: 1975 பொம்மைக் கண்காட்சியில் அடாரியின் பாங்

1975 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கப் பொம்மைக் கண்காட்சியில் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஒரு கம்பெனி ஸ்டால் போட்டது. கம்பெனியின் பெயர் அடாரி. அது கொண்டுவந்திருந்த பொருள், வீட்டு டிவியில் இணைத்து ஆடுகிற பாங். இரண்டு குமிழ்களைத் திருகினால் திரையின் இரு ஓரங்களிலும் இரண்டு கோடுகள் மேலும் கீழும் நகரும். நடுவே ஒரு சின்னப் புள்ளி பந்தாக ஓடும். அவ்வளவுதான் ஆட்டம். ஒரு நிமிடம் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும். கடைக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், விலை கேட்டார்கள், போய்விட்டார்கள். ஆர்டர் வரவில்லை.

அதே வருடம் கிறிஸ்துமஸுக்கு 1.5 லட்சம் பெட்டிகள் கேட்டு சியர்ஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய சில்லறை வியாபாரி அது. வீட்டு வீடியோ கேம் என்பது ஒரு தனி வியாபாரமாக நிலைத்ததில் அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

இடையில் இருந்தது பதினோரு மாதம். ஆட்டம் அதேதான், விலையும் கிட்டத்தட்ட அதேதான். பிறகு என்ன மாறியது? இந்த நிகழ்வை எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதற்குக் காரணம் இந்தக் கேள்விதான். பொதுவாக இந்தக் கதையை ‘தொலைநோக்கு இல்லாத கடைக்காரர்கள், தளராத கண்டுபிடிப்பாளர்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கண்காட்சிக்கு வந்த கடைக்காரர்கள் அவர்களுடைய தொழிலை ஒழுங்காகத்தான் செய்தார்கள். பொருள் வந்து உட்கார்ந்த அலமாரிதான் தப்பு.

அதற்கு முன்னால் இன்னொரு டெமோ

பாங் பிறந்ததே ஒரு வியாபாரக் காட்சியில்தான் என்று சொல்லலாம். 1972 மே மாதம், சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கும் பர்லிங்கேமில், ஒரு ஓட்டலில் மேக்னவாக்ஸ் கம்பெனி தன் டீலர்களுக்காகப் புதிய சரக்குகளைக் காட்டிக்கொண்டிருந்தது. டிவி, ரேடியோ வரிசையில் ஆடிஸி என்ற ஒரு புதிய பெட்டியும் இருந்தது. ரால்ஃப் பேர் என்ற பொறியாளர், நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவாவில் இருந்த சாண்டர்ஸ் என்ற ராணுவ மின்னணு நிறுவனத்தில் 1966-ல் தொடங்கி, சக ஊழியர்கள் பில் ஹாரிசன், பில் ரஷ் ஆகியோருடன் உருவாக்கிய கருவியின் வியாபார வடிவம் அது. டிவியில் இணைத்து வீட்டில் ஆடலாம். டேபிள் டென்னிஸ் ஆட்டமும் அதில் உண்டு.

மே 24 அன்று அந்தக் காட்சிக்கு வந்த ஒருவர் விருந்தினர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். நோலன் புஷ்னெல், அடாரியைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆடிஸியை ஆடிப் பார்த்தார். அதற்கு அடுத்த மாதம் தொடங்கிய அடாரியில் வேலைக்குச் சேர்ந்த ஆலன் அல்கார்ன் என்ற இளைஞரிடம், பயிற்சிக்கு என்று ஒரு டேபிள் டென்னிஸ் ஆட்டம் செய்யச் சொன்னார். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியோடு ஒப்பந்தம் இருப்பதாகச் சொல்லி நம்பவைத்தார். அப்படி ஒரு ஒப்பந்தமே இல்லை. ஆனால் அல்கார்ன் பயிற்சிக்குச் செய்ததில் ஒரு நேர்த்தி வந்துவிட்டது. மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்தார். நடுவில் பட்டால் பந்து நேராகத் திரும்பும், ஓரத்தில் பட்டால் கோணம் விரியும். ஆட்டம் நீள நீள வேகம் கூடும். திரையிலேயே மதிப்பெண் தெரியும், பந்து படும்போது சத்தம் வரும். ஆடிஸியில் இவை எதுவும் இல்லை. அதில் சத்தம் கிடையாது, மதிப்பெண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும், மைதானம் வேண்டுமென்றால் நிறம் பூசிய பிளாஸ்டிக் தாளைத் திரைமேல் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

சன்னிவேலில் ஒரு மதுக்கூடத்தில் வைத்த முதல் பாங் இயந்திரம் சில நாட்களில் வேலை செய்யாமல் நின்றது, திறந்து பார்த்தால் காசு நிரம்பி அடைத்திருந்தது என்ற கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை விட்டுவிடுகிறேன். இங்கே நமக்கு வேண்டியது வேறு. காசு போட்டு ஆடுகிற இயந்திரத்தை அடாரி யாருக்கு விற்றது? மதுக்கூடத்துக்கும் பௌலிங் கூடத்துக்கும் இயந்திரம் வைக்கிறவர்களுக்கு. அவர்கள் போடும் கணக்கு நேரடியானது. ஒரு இயந்திரம் வாரத்துக்கு எவ்வளவு காசு கொண்டுவரும், எத்தனை வாரத்தில் போட்ட பணம் திரும்பும்? வீட்டுக்கு விற்பதில் இந்தக் கணக்கு இல்லை. அடாரிக்கு அந்த உலகம் புதிது.

ஒரே சிப்பில் ஒரு ஆட்டம்

வீட்டுக்கான பாங் யோசனையை அடாரியின் பொறியாளர் ஹெரால்ட் லீ முன்வைத்தார். மதுக்கூட இயந்திரத்துக்குள் ஒரு பெரிய பலகை நிறையச் சில்லுகள் இருந்தன. அதில் கணினியும் இல்லை, மென்பொருளும் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சுற்று. அத்தனையையும் ஒரே சிப்பில் அடக்க வேண்டும் என்பது லீயின் திட்டம். பகலில் லீ தர்க்கச் சுற்றை வரைவார், மாலையில் அல்கார்ன் வந்து பிழை பார்ப்பார். நேரத்தையும் செலவையும் மிச்சம் பிடிக்க இருவரும் இப்படி ஷிப்டு போட்டு வேலை பார்த்தார்கள். வடிவமைப்பு முடிந்ததும் பாப் பிரவுன் சேர்ந்துகொண்டார். மூவரும் மாதிரிக் கருவி ஒன்றைக் கட்டினார்கள். அது ஒரு மரப் பீடத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகள். அந்தக் கம்பிகள் செய்யும் வேலை முழுவதையும் பிறகு விரல்நகம் அளவு சிப் ஒன்று செய்யும் என்பதுதான் வாக்குறுதி. மாதிரியைக் கட்டியபோது அந்தச் சிப் உருவாகியிருக்கவில்லை. 1974-ன் பிற்பாதியில் அது தயாரானது. அதுவரை வீட்டு உபயோகப் பொருள் எதிலும் அவ்வளவு திறன் கொண்ட சிப் வந்ததில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் கண்காட்சியில் நடந்ததன் பாதி இங்கேதான் முடிவாகிவிட்டது. தனிச் சிப் ஒன்றை வடிவமைப்பதும் அதற்கான அச்சுகளைத் தயாரிப்பதும் பெரிய முதல் செலவு. அதன் பிறகு ஒவ்வொரு சிப்பையும் அடிப்பது மலிவு. அதாவது, ஆயிரம் பெட்டி விற்றால் நஷ்டம், லட்சம் பெட்டி விற்றால் லாபம். நடுத்தரமாக விற்று மெல்ல வளரும் வழி இந்தப் பொருளுக்கு இல்லை. அடாரிக்கு வேண்டியது, பத்துக் கடைக்காரர்கள் ஆளுக்கு நூறு என்று கொடுக்கும் ஆர்டர் அல்ல. ஒரே கையில் பெரிய எண்ணிக்கை வேண்டும்.

அதே காலத்தில் அடாரியின் கைப்பணமும் மோசமாக இருந்தது. கிரான் டிராக் 10 என்ற கார்ப்பந்தய இயந்திரத்தைச் செய்ய ஆன செலவைவிடக் குறைந்த விலைக்கு விற்று இடிவாங்கியிருந்தார்கள். கீ கேம்ஸ் என்ற துணை நிறுவனம் கொண்டுவந்த டாங்க் ஆட்டம் நன்றாக ஓடியதால் நிமிர்ந்து நின்றார்கள். சரக்கைச் செய்து குவித்துவைத்துக்கொண்டு விற்றுப் பார்க்கும் தெம்பு இல்லை. முதலில் ஆர்டர், அப்புறம்தான் உற்பத்தி.

யாருக்கும் வேண்டாத நூறு டாலர்

புஷ்னெலும் விற்பனைப் பொறுப்பில் இருந்த துணைத் தலைவர் ஜீன் லிப்கினும் பொம்மைக் கடைகளையும் மின்னணுக் கடைகளையும் அணுகினார்கள். இரண்டு பக்கமும் மறுத்தார்கள். விலை அதிகம், ஜனங்களுக்கு ஆர்வம் இருக்காது என்றார்கள். விலை நூறு டாலரை ஒட்டி இருந்தது. இன்றைய மதிப்பில் 500 டாலருக்கு மேல்.

மின்னணுக் கடைக்காரர் ஆடிஸியைப் பார்த்தவர். அதுவும் 1972-ல் வந்தபோது 99.95 டாலர்தான். பெரும்பாலும் மேக்னவாக்ஸ் டீலர்களிடமே விற்றதால், மேக்னவாக்ஸ் டிவியில்தான் அது ஓடும் என்று பலர் நினைத்துவிட்டார்கள். 1975-ல் நிறுத்தும்வரை சுமார் 3.5 லட்சம் விற்றது. முதல் முயற்சிக்கு இது குறைந்த எண்ணிக்கை அல்ல. ஆனால் கடைக்காரரின் நினைவில் அது ‘ஓஹோவென்று ஓடிய சரக்கு’ என்று பதியவில்லை.

பிறகு ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. சியர்ஸ் கேட்லாகில் ஆடிஸி விளம்பரம் வந்திருந்தது. விளையாட்டுச் சாமான்கள் பகுதியில்! பொம்மைப் பகுதியிலும் இல்லை, டிவி பகுதியிலும் இல்லை. அடாரி ஆட்கள் அந்தப் பிரிவையே தொடர்புகொண்டார்கள். பேசியவர் டாம் குவின் என்ற கொள்முதல் அதிகாரி. அவருக்குப் பொருள் பிடித்துவிட்டது. சியர்ஸுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்பந்தம் தர முன்வந்தார்.

அடாரி மறுத்தது. இதைவிட நல்ல பேரம் வேறு இடத்தில் கிடைக்கும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையோடுதான் நியூயார்க் கண்காட்சிக்குப் போனார்கள். இந்த மறுப்பைத் தவறு என்று எளிதாகச் சொல்லிவிடலாம், நான் சொல்ல மாட்டேன். ஒரே வாடிக்கையாளரின் கையில் மொத்தச் சரக்கையும் ஒப்படைப்பது எந்தக் கம்பெனிக்கும் பயம் தரக்கூடியது. அடுத்த வருடம் அந்த ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் கதை முடிந்தது. வேறு வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதில் நியாயம் உண்டு.

கண்காட்சியின் கேள்விகள்

நியூயார்க் பொம்மைக் கண்காட்சி 1903-லிருந்து நடந்துவருவது. ஐந்தாம் அவென்யூ 200-ம் எண் கட்டடமும் அதைச் சுற்றிய தெருக்களும் பொம்மை வியாபாரத்தின் மையமாக இருந்தன. பெரிய கம்பெனிகளுக்கு அங்கே நிரந்தரக் காட்சி அறைகளே இருந்தன. வருடத் தொடக்கத்தில் நடக்கும் கண்காட்சியில்தான் அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கான பேச்சு தொடங்கும். குளிர்காலத்தில் ஆர்டர், வசந்தத்திலும் கோடையிலும் அச்சு வார்த்து உற்பத்தி, இலையுதிர் காலத்தில் கேட்லாக், நவம்பரில் கடையில் குவியல். பொம்மைக்கு வருட வருமானத்தின் பெரும்பகுதி அந்தக் கடைசிச் சில வாரங்களில் வருகிறது. ஆகவே ஜனவரியில் நிற்கும் கொள்முதல் அதிகாரி பத்து மாதம் தள்ளி ஒரு குழந்தை எதைக் கேட்கும், அதன் அப்பா அம்மா எவ்வளவு கொடுப்பார்கள் என்று ஊகித்துப் பணத்தைக் கட்டுகிறார். தவறினால் ஜனவரியில் சரக்கு தேங்கும்.

அவர் ஒவ்வொரு ஸ்டாலிலும் மனதுக்குள் கேட்கும் கேள்விகளை நினைத்துப் பாருங்கள். எந்த வயதுக் குழந்தைக்கு? என்ன விலை? அலமாரியில் எவ்வளவு இடம் பிடிக்கும்? டிவியில் விளம்பரம் வருமா? உடைந்தால் யார் பார்ப்பது? பாங் இந்தக் கேள்விகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தடுமாறும். வயது: பாங்கை ஆடிப் பழகியவர்கள் மதுக்கூடத்துக்குப் போகும் பெரியவர்கள். விலை: பலகை விளையாட்டு சில டாலருக்குக் கிடைக்கும் கடையில் நூறு டாலர் பெட்டி, மற்ற சரக்கெல்லாம் மலிவாகத் தெரியும்படி தனியாக நிற்கும். பழுது: பொம்மைக் கடையில் மின்னணு ரிப்பேர் தெரிந்தவர் இருக்க மாட்டார். இதோடு, அந்தப் பெட்டி தனியாக ஒன்றும் செய்யாது. பக்கத்தில் டிவி வேண்டும். வாடிக்கையாளருக்குக் காட்டவேண்டுமென்றால் கடைக்காரர் ஒரு டிவியையும் வாங்கி வைக்க வேண்டும்.

டெமோவில் ஆட்டம் ஜெயித்தது என்றே நினைக்கிறேன். பாங்கைக் கையில் எடுத்தவர் யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. மதுக்கூட இயந்திரத்தின் முகப்பில் எழுதியிருந்த குறிப்பே, அதிக மதிப்பெண் வேண்டுமானால் பந்தைத் தவறவிடாதே என்ற ஒரு வரிதான். ஆனால் கண்காட்சி ஆட்டத்தைச் சோதிக்கும் இடம் அல்ல. அது அலமாரியைச் சோதிக்கும் இடம். பொம்மை அலமாரியில் நூறு டாலருக்கு இடம் இருக்கவில்லை.

இதையே விளையாட்டுச் சாமான்கள் பிரிவில் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் என்ன இருக்கும்? பில்லியர்ட்ஸ் மேஜை, டேபிள் டென்னிஸ் மேஜை. அமெரிக்க வீடுகளில் கீழ்த்தள அறையில் போட்டு குடும்பமாக ஆடும் பெரிய சாமான்கள். நூறு டாலர் என்பது அங்கே மலிவுப் பக்கம். மேஜைக்கு அறை வேண்டும், பாங்குக்கு ஏற்கெனவே வீட்டில் இருக்கும் டிவி போதும். வாங்குவது குழந்தைக்கு அல்ல, வீட்டுக்கு. குளிர்காலத்தில் வெளியே போக முடியாத மாதங்களில் உள்ளே ஆட ஒரு சாமான். டாம் குவின் இந்தப் பொருளைப் புரிந்துகொண்டார் என்றால், அவர் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர் என்பதைவிட, அவர் நின்ற இடம் சரியான இடம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

குவினும் அந்தக் கண்காட்சிக்கு வந்திருந்தார். அடாரி ஆட்களும் அவரும் அங்கே மறுபடி சந்தித்தார்கள். வேறு யாரும் ஆர்டர் தராத நிலையில் நடந்த சந்திப்பு. சில நாட்களில் ஆர்டர் பேச நேரம் குறித்தார்கள். ஆர்டர் கிடைக்காத கண்காட்சியிலிருந்து அடாரி எடுத்துக்கொண்டு போனது இந்த ஒரு சந்திப்பைத்தான்.

சிகாகோ கோபுரத்தில் கலங்கிய திரை

குவினுக்குப் பிடித்தால் மட்டும் போதாது. பிரிவின் மேலதிகாரிகள் ஒப்புக்கொள்ள வேண்டும். சிகாகோவுக்கு வந்து அவர்கள் முன்னால் ஆடிக் காட்டுங்கள் என்று சொன்னார். அல்கார்னும் லிப்கினும் கிளம்பினார்கள். சியர்ஸின் தலைமை அலுவலகம் இருந்தது சியர்ஸ் டவரில். 110 மாடி, 442 மீட்டர். அப்போது உலகிலேயே உயரமான கட்டடம்.

இந்தக் கட்டத்தைப் புரிந்துகொள்ள அந்தக்காலக் கேம் டிவியோடு எப்படிப் பேசியது என்று தெரிய வேண்டும். டிவிக்கு ஆன்டெனா முனை ஒன்றுதான் வாசல். வேறு வாசல் இல்லை. ஆகவே கேம் பெட்டி தன்னை ஒரு குட்டி டிவி நிலையமாக மாற்றிக்கொள்ளும். படத்தை ஒரு குறிப்பிட்ட சேனலின் அலைவரிசையில் ஏற்றி, டிவியின் முதுகில் திருகிய ஒரு சின்னச் சுவிட்ச் பெட்டி வழியாக உள்ளே அனுப்பும். சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் ஆன்டெனா, மறுபக்கம் தள்ளினால் கேம். டிவியில் அந்தச் சேனலைத் திருப்பினால் ஆட்டம் தெரியும். நம்மூரில் தொண்ணூறுகளில் டிவி கேம் வாங்கி, படம் கிடைக்கும்வரை சேனலைத் திருகித் திருகித் தேடியவர்களுக்கு இது நன்றாக ஞாபகம் இருக்கும். நான் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. கேம் பயன்படுத்தும் சேனலில் ஊரில் வேறு யாரும் பலமாக ஒலிபரப்பக் கூடாது. சியர்ஸ் டவரின் உச்சியில் ஒலிபரப்பு ஆன்டெனா இருந்தது. கேம் இருந்த அதே சேனலில் அலை வந்தது. கட்டடத்தின் தலையில் ஆன்டெனா, அதே கட்டடத்துக்குள் மேஜைமேல் ஒரு குட்டிப் பெட்டி. பெட்டியின் மெல்லிய குரலை அந்த அலை விழுங்கிவிட்டது. நியூயார்க்கில் வராத கோளாறு சிகாகோவில், அதுவும் முடிவெடுக்க வேண்டிய நாளில், வந்து நின்றது.

அல்கார்ன் கையோடு வந்திருந்தது நல்லதாகப் போயிற்று. விற்பனை ஆள் மட்டும் வந்திருந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டியதுதான். ஒரு டெமோவுக்கு அதைக் கட்டியவரையே அழைத்துப்போவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தக் கதையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. சிக்கலைத் தாண்டி ஆட்டம் ஓடியது, ஒப்புதலும் கிடைத்தது.

கண்காட்சி டெமோவையும் இந்த டெமோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. நியூயார்க்கில் பொருளைப் பார்த்தவர்களுக்கு அதை வாங்கத் தங்கள் கடையில் ஒரு காரணம் தேவைப்பட்டது, அது கிடைக்கவில்லை. சிகாகோவில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காரணத்தைக் குவின் முன்பே சொல்லி வைத்திருந்தார். அதனால்தான் திரை கலங்கியபோதும் அவர்கள் எழுந்து போகவில்லை.

இரட்டிப்பாகக் கேட்ட ஆர்டர்

கிறிஸ்துமஸுக்குள் எத்தனை செய்து தர முடியும்? 75,000 என்றார் புஷ்னெல். குவின் அதை இரட்டிப்பாக, 1.5 லட்சமாகக் கேட்டார். அடாரியின் கையில் இருந்த இடமும் ஆட்களும் அவ்வளவு எண்ணிக்கைக்குப் போதாது என்று புஷ்னெலுக்குத் தெரியும். தெரிந்தும் சரி என்று சொன்னார்.

சரி என்று சொன்ன துணிச்சலை மட்டும் பாராட்டி நகர்ந்துவிட்டால் பாதிக் கதை விட்டுப்போகும். அந்த ஆர்டர் காகிதம்தான் அடாரிக்குப் பணத்தைக் கொண்டுவந்தது. சிகோயா என்ற முதலீட்டு நிறுவனத்தை ஆரம்பித்திருந்த டான் வாலன்டைன் நிதி திரட்டித் தந்தார். புதிய தொழிற்சாலை வந்தது, உற்பத்தி ஓடியது, சியர்ஸ் கேட்டதைக் கேட்ட எண்ணிக்கையில் கொடுத்தார்கள். கண்காட்சியில் பத்துப் பதினைந்து சின்னக் கடைகள் ஆர்டர் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். சில ஆயிரம் பெட்டிகள் போயிருக்கும். சிப்பின் முதல் செலவு மீண்டிருக்காது. முதலீட்டாளரிடம் காட்ட ஒரு பெரிய பெயர் இருந்திருக்காது. கண்காட்சியில் கொஞ்சமாக ஜெயித்திருந்தால் அடாரி கஷ்டப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

முதலில் வந்த பெட்டிகளின் முகப்பில் சியர்ஸின் சொந்தப் பெயரான டெலி-கேம்ஸ் இருந்தது. அடாரி தன் பெயரைப் போட்டு விற்றது 1976-ல்தான். ஆடிஸி கொடுக்காத மதிப்பெண் எண்கள் திரையிலேயே தெரிந்தன. பந்து பட்டால் பெட்டிக்குள் இருந்த ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வந்தது. குமிழ்கள் இரண்டும் ஒரே பெட்டியில் இருந்ததால் ஆடும் இருவரும் தோளோடு தோள் உட்கார வேண்டியிருந்தது. இந்த நெருக்கம் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. பின்னால் கைப்பிடிகள் தனித்தனியாகி, ஆளுக்கு ஒரு கம்பி வந்தபோது அது போய்விட்டது.

பொம்மைக் கம்பெனிகள் திரும்பி வந்தபோது

1976-ல் பொம்மை வியாபாரம் மனதை மாற்றிக்கொண்டது. காரணம் மறுபடி ஒரு சிப். ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி ஏ.ஒய்-3-8500 என்ற சிப்பை வெளியிட்டது. பந்து-மட்டை ஆட்டங்கள் பல அதற்குள் இருந்தன. யார் வேண்டுமானாலும் வாங்கி, ஒரு பெட்டியும் குமிழும் சேர்த்து விற்கலாம். லீயும் அல்கார்னும் மாதக்கணக்கில் செய்த வேலை கடையில் கிடைக்கும் சரக்காக ஆகிவிட்டது. அதை முதலில் பெரிய அளவில் வாங்கியது கோலிகோ, கனெக்டிகட்டைச் சேர்ந்த பொம்மைக் கம்பெனி. தோல் வியாபாரத்தில் ஆரம்பித்த நிறுவனம் அது. அவர்களுடைய டெல்ஸ்டார், பாங்கின் விலையில் ஏறக்குறைய பாதிக்கு வந்தது. அந்த விலை பொம்மை அலமாரிக்குள் நுழைந்தது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

டெல்ஸ்டாரும் ரேடியோ அலையில்தான் தடுக்கி விழுந்தது என்பது எனக்கு வியப்பான ஒற்றுமை. பக்கத்து வீட்டு டிவிக்கு இடைஞ்சல் செய்யும் அளவுக்குக் கேம் பெட்டி அலை கசியவிடக் கூடாது என்பது அமெரிக்கத் தொடர்பு ஆணையத்தின் விதி. கோலிகோவின் பெட்டி சோதனையில் தேறவில்லை. சரிசெய்யச் சில நாட்களே அவகாசம். உதவிக்கு அழைத்தது யாரை என்றால், ரால்ஃப் பேரை! காப்புரிமை உரிமத்துக்காக ஏற்கெனவே அவர்களுக்குள் பேச்சு இருந்தது. பேர், ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன வளையத்தைப் பயன்படுத்தி கசிவை அடக்கினார். பெட்டி தேறியது. வீட்டு வீடியோ கேமை முதலில் யோசித்த மனிதர், அதைப் பொம்மைக் கடை அலமாரிக்கும் கொண்டுசேர்த்தார். அடாரி மீது மேக்னவாக்ஸ் போட்ட காப்புரிமை வழக்கும் அதே 1976-ல் சமரசத்தில் முடிந்து, அடாரி உரிமம் பெற்றது.

பத்து வருடத்தில் நிலைமை தலைகீழானது. 1983-ல் அமெரிக்க வீடியோ கேம் வியாபாரம் சரிந்தது. விற்காத கேசட்டுகள் மலைபோல் தேங்கின. ‘வீடியோ கேம்’ என்ற சொல்லைக் கேட்டாலே கடைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். 1985 ஜனவரியில் மின்னணுக் கண்காட்சியில் நின்டெண்டோ என்ற ஜப்பானியக் கம்பெனி காட்டிய கேம் கருவிக்கும் ஆர்டர் கிடைக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் நியூயார்க்கில் அடாரி கண்ட அதே காட்சி. அன்று பொம்மை என்று சொன்னதால் விற்காத பொருள், இப்போது பொம்மை என்று சொன்னால்தான் விற்கும் என்ற நிலை. நின்டெண்டோ பெட்டியின் உருவத்தை மாற்றியது, கூடவே ஒரு ஒளித் துப்பாக்கியையும் ராப் என்ற சின்ன ரோபாட்டையும் வைத்தது. ஜூன் மாதக் கண்காட்சியில் காட்டியது, அக்டோபரில் நியூயார்க்கில் சோதனை விற்பனையைத் தொடங்கியது. விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றும் கடைகளுக்கு உறுதி தந்தது. அதை நாடெங்கும் கடைகளில் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள், டெடி ரக்ஸ்பின் என்ற பேசும் கரடிப் பொம்மையை விற்றுக்கொண்டிருந்த வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டர் கம்பெனியின் விற்பனையாளர்கள். அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் முன்னாள் அடாரி ஊழியர். ராப் ரோபாட்டுக்கென்று வந்த ஆட்டங்கள் இரண்டே இரண்டுதான்.